லென்ஸோடு பழகுதல்

லென்ஸ் தயாரிப்பாளர்களும் பரிசோதனைச்சாலைகளும் வெளியிடும் வளைகோட்டுப் படங்களையும் எண் பட்டியல்களையும் எவ்விதம் படிப்பது என்று முன் அத்தியாயத்தில் பார்த்தோம். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்ட வாசகர், இனி ஒரு லென்ஸின் குணதோஷங்களை அறிவதற்குக் காமிராவைக் கையில் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எண்ணிவிடக்கூடும். அப்படி எண்ணி, இரவெல்லாம் கண் விழித்து எண்களை ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, ஊர்த் திருவிழா முடிந்து தேரும் நிலைக்கு வந்து சேர்ந்த பிறகு லென்ஸ் வாங்கிய அன்பர்களை நான் அறிவேன். அவர்கள் வாங்கியது நல்ல லென்ஸ்தான். தேர்தான் அடுத்த வருஷம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பரிசோதனைச்சாலையின் அளவுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. தட்டையான ஓர் அட்டையில் வரவர நெருங்கிச் செல்லும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை அச்சிட்டு, அசையாத பீடத்தில் காமிராவைப் பொருத்தி, ஏற்றத்தாழ்வில்லாத விளக்கொளியில், அளந்த தூரத்தில் நிறுத்தி, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோடுகளை லென்ஸ் பிரித்துக் காட்டுகிறது என்று கணக்கெடுப்பது நியாயமான முறையே. 1951-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை இதற்காக வகுத்த கோட்டு அட்டை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் எதிர்வெயில் இல்லை. ஓடுகிற குழந்தை இல்லை. வியர்த்து வழுக்கும் கை இல்லை. நாம் படமெடுக்கும் உலகத்திலே முற்றிலும் தட்டையான பொருள் ஏதேனும் உண்டென்றால் அது சுவரொட்டி ஒன்றுதான்; அதைப் படமெடுப்பதற்காக எவரும் லென்ஸ் வாங்குவதில்லை. அன்றியும், அங்கே அளக்கப்பட்டது உங்களுடைய லென்ஸ் அன்று. அதே பெயரோடு அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதன் உடன்பிறப்பு. உடன்பிறந்தாரெல்லாம் ஒரே சுபாவமுடையவர்களாக இருப்பதில்லை என்பதைக் குடும்பஸ்தர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கிலே சிறந்து நின்ற ஒன்று பிரயோகத்திலே பின்தங்கிய விசித்திரம் லென்ஸ்களின் சரித்திரத்தில் உண்டு. ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தில் பணி புரிந்த பால் ருடால்ப் என்ற நிபுணர், 1896-ஆம் ஆண்டில் ‘பிளானார்’ என்னும் லென்ஸை வகுத்தார். ஆறு கண்ணாடி வில்லைகள் நான்கு தொகுதிகளாக, நடுவிலுள்ள துவாரத்தின் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று பிம்பம்போல அமைந்த அந்த லென்ஸ், ஓரம் வரையில் தட்டையான பிரதிபிம்பம் தரவல்லதாக இருந்தது. அதன் பெயருக்கே அதுதான் காரணம். துவாரமும் எஃப் 3.6 என்று அக்காலத்துக்கு மிகவும் தாராளமானது. இவ்வளவு சிறப்புடைய சாதனம் உலகத்தை ஆண்டிருக்க வேண்டும், ஆளவில்லை. அதே ருடால்பின் கையிலிருந்து 1902-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டெஸ்ஸார்’, நான்கே வில்லைகளும் மூன்றே தொகுதிகளும் கொண்டு, தொடக்கத்தில் எஃப் 6.3 என்ற சிறு துவாரத்தோடு வந்தபோதிலும், பல்லாண்டுகள் புகைப்படக்காரரின் மனத்தையும் பெட்டியையும் பிடித்துக்கொண்டது.

காரணம் மிகவும் எளிது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், வந்து விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கோ அதற்கு மேலோ திரும்பிப் பிரதிபலித்துவிடுகிறது. பிளானாரில் அத்தகைய பரப்புகள் எட்டு, டெஸ்ஸாரில் ஆறு. பெருக்கிப் பார்த்தால், முன்னதில் நுழைந்த ஒளியில் சுமார் 72 பங்கும் பின்னதில் 78 பங்கும் நேர்வழியே மறுபுறம் சேர்கின்றன. வெளிச்சம் சற்றுக் குறைந்ததனால் பெரிய நஷ்டமில்லை; ஆனால் வழிதவறிய ஒளி சும்மா போய்விடுவதில்லை. அது வில்லைகளுக்கிடையே முட்டி மோதி, கடைசியில் படத்தின்மேலேயே வந்து விழுந்து, கரிய நிழல்களின்மீது சாம்பல் பூசினாற்போல் ஒரு திரையைப் போர்த்துகிறது. ஜன்னலோரத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படமெடுத்த சாமானியர் அந்தத் திரையைக் கண்டார்; கோணங்களையும் வளைவுகளையும் மட்டும் நோக்கிய கணக்கு அதைக் காணவில்லை. பின்னர் 1935-ஆம் ஆண்டில் அதே ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் படியவைத்துப் பிரதிபலிப்பை ஒடுக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் பிளானாரின் அமைப்புக்கு யோகம் பிறந்தது. இன்று கடைகளில் விற்கும் 50 மி.மீ. லென்ஸ்களில் மிகப் பல அந்த வம்சத்தில் வந்தவையே.

ஆகவே லென்ஸைப் பழகி அறிவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இதில் முதற்காரியம், லென்ஸின்மேல் குற்றம் சுமத்துவதற்கு முன் நம்மைச் சோதித்துக்கொள்வது. கூர்மையற்ற படங்கள் பத்தில் எட்டுக்குக் காரணம் கையசைவும், போகஸ் தவறியதும், ஆள் அசைந்ததும்தான் என்பது என் அனுபவம். இதற்குப் புள்ளிவிவரம் ஏதும் காட்ட என்னால் இயலாது, ஆனால் உங்களுடைய பழைய படங்களை ஒருநாள் நேர்மையாகப் புரட்டிப் பார்த்தால் என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள். குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் அத்தனையில் ஒரு பங்கு நொடிக்கு மேல் திறந்திருக்கலாகாது என்பது பழைய விதி: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி. நுண்ணிய பதிவு கொண்ட இக்காலத்துக் காமிராக்களில் அதையும் பாதியாக்கிக்கொள்வது உத்தமம். அசைவை அடக்கும் சாதனம் காமிராவில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வோர், அது நம் கையை மட்டும் அடக்குமேயன்றி எதிரே நிற்கும் குழந்தையை அடக்காது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரியம், எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது. 24 மெகாபிக்ஸல் காமிராவின் படம் குறுக்கே 6000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 96 புள்ளி காட்டும் ஒரு சாதாரணக் கணினித் திரையில் அதை முழு அளவுக்குப் பெரிதாக்கினால், ஐந்தடிக்கும் அதிகமான அகலமுள்ள படத்தின் ஒரு மூலையை ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று பொருள். ஐந்தடிப் படத்தை மனிதர் யாரும் அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்ப்பதில்லை. கல்யாண ஆல்பத்தை மடியில் விரித்துப் பார்ப்பவர் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்ற அளவுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆகவே நான் லென்ஸைத் தீர்ப்பிட விரும்பும்போது, படத்தை நான் உண்மையில் அச்சிடும் அளவுக்கு அச்சிட்டு, மேஜைமேல் வைத்து, வழக்கமாகப் பார்க்கும் தூரத்திலிருந்தே பார்க்கிறேன். அங்கே தென்படாத குறை எனக்குக் குறையன்று. வேறொருவர் அதே படத்தை விளம்பரப் பலகைக்குப் பெரிதாக்குகிறவராக இருந்தால், அவருடைய நியாயம் வேறு.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு வெட்கமாக இருந்தபோதிலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு லென்ஸை ஆறு மாத காலம் ‘மங்கல் லென்ஸ்’ என்று நான் ஊரெல்லாம் ஏசிக்கொண்டிருந்தேன். விளக்குகள் எதிரே இருக்கும்போதெல்லாம் படத்தில் தலைகீழாக ஒரு பச்சை விளக்குத் தோன்றும். நிழல்களோ வெளுத்துக் கிடக்கும். அதை விற்றுவிடத் தீர்மானித்துத் துடைக்க உட்கார்ந்த நாளில்தான், கடைக்காரர் இனாமாக மாட்டிக் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடி முன்புறத்தில் அப்படியே இருப்பது நினைவுக்கு வந்தது. அதைத் திருகிக் கழற்றிய மாலையிலேயே லென்ஸின் குணம் மாறிவிட்டது. படலம் பூசாத மலிவான தட்டைக் கண்ணாடி ஒன்று, நூற்றாண்டுக்கு முந்திய பிளானாரின் துன்பத்தை எனக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

இவ்வளவும் ஆன பிறகு, பழகும் முறை என்னவென்றால், ஒரு மாத காலம் அந்த ஒரு லென்ஸை மட்டுமே காமிராவில் மாட்டிவைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவதுதான். ஒரே லென்ஸோடு வாழ்வது ஒரு தவம் என்று அஞ்ச வேண்டாம். 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரமண மகரிஷி சித்தியடைந்த வேளையில் திருவண்ணாமலையில் இருந்தவரான பிரெஞ்சுப் புகைப்பட மேதை ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடேயே கழித்தார். நமக்கு ஒரு மாதம் பெரிதில்லை. அந்த மாதத்தில் தினமும் நடக்கும் தெருவிலேயே, காலை, உச்சி, அந்தி என்று மூன்று வெளிச்சத்திலும் படமெடுத்து, சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருங்கள். துவாரமும் ஷட்டரும் காமிராவே குறித்துக்கொள்ளும். அது குறித்துக்கொள்ளாதவற்றை நீங்கள் எழுத வேண்டும். “பஸ் வந்துவிட்டது, போகஸ் தேடிக்கொண்டே இருந்தது”, “இன்னும் ஓரடி பின்னால் போக இடமில்லை”, “கழுத்து வலித்தது, பாதியில் திரும்பினேன்” என்ற வகையான வாக்கியங்களே பிற்காலத்தில் பிரயோஜனப்படுகின்றன.

சோதனைகளுள் முதன்மையானது எதிர்வெளிச்சம் என்பது என் அபிப்பிராயம். லென்ஸ்களுக்கிடையே உள்ள பேதம் கூர்மையில் தெரிவதைக் காட்டிலும் இதில்தான் பளிச்சென்று தெரிகிறது. நம் நாட்டு வாழ்க்கையோ எதிர்வெளிச்சத்தால் நிரம்பியது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் பின்னால் தெருவெல்லாம் வெயில். கூடத்தில் நிற்பவருக்குப் பின்னால் முற்றம். மாலையில் கடற்கரைக்குப் போனால் மணலில் விளையாடும் பிள்ளைகளுக்குப் பின்னால், மேற்கே, சாயும் சூரியன். இத்தகைய இடங்களில் சூரியனைச் சட்டத்துக்குள் வைத்து ஒன்று, சட்டத்துக்குச் சற்று வெளியே வைத்து ஒன்று, லென்ஸின்மேல் உள்ளங்கையால் நிழல் பிடித்து ஒன்று என மூன்று படங்கள் எடுத்துக்கொண்டு, முகத்தின் கருவிழியும் கூந்தலும் உண்மையாகவே கறுத்திருக்கின்றனவா, அல்லது மோரில் தோய்த்தாற்போல் வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சூரியன் சட்டத்துக்குள் இருக்கும்போது சமாளிக்கும் சில லென்ஸ்கள், அது ஓரத்துக்கு வெளியே நகர்ந்தவுடன் நிலைகுலைவதுண்டு. லென்ஸ் குழலின் உட்சுவர் போதிய கறுப்பில்லாமல் மினுக்குவது இதற்கு ஒரு காரணம். மூன்றாவது படம் திருந்திவிட்டதென்றால், அந்த லென்ஸுக்கு வேண்டியது விவாகரத்தன்று. நல்ல நிழல்மூடி ஒன்றே.

நிறப் பிறழ்ச்சியை அறிவதற்கு நம் நாட்டில் தென்னையைவிடச் சிறந்த அட்டை இல்லை. வெளுத்த வானத்துக்கெதிரே அசையாமல் நிற்கும் ஓலைகளை முதலில் படத்தின் நடுவிலும், பிறகு மூலையிலும் வைத்து எடுங்கள். ஓலையின் விளிம்பில் ஒருபுறம் ஊதாவும் மறுபுறம் பச்சையும் கோடிட்டாற்போல் தெரிந்தால், வெவ்வேறு நிறங்களை லென்ஸ் வெவ்வேறு அளவில் வரைகிறது என்று அர்த்தம். மூலையில் மட்டும் தோன்றுவது துவாரத்தைச் சுருக்கினாலும் போகாது, ஆனால் கணினியில் சுலபமாகத் திருத்தப்பட்டுவிடும். நடுவிலும் தோன்றுவது துவாரத்தைச் சுருக்கினால் தணியும், கணினிக்கு அவ்வளவு எளிதில் அடங்காது. இரவில் மெரீனாச் சாலையின் விளக்குவரிசையைப் படத்தின் மூலையில் நிறுத்தினால், சில லென்ஸ்கள் ஒவ்வொரு விளக்கையும் சிறகு விரித்த சிட்டுக்குருவியாக மாற்றிவிடும். துவாரத்தை இரண்டு ஸ்டாப் சுருக்கியதும் குருவி மடங்கி விளக்காகிவிடும். கார்த்திகை தீபத்தையும் நட்சத்திரங்களையும் படமெடுக்க ஆசைப்படுபவருக்கு இது பெரிய விஷயம்; ஆள்களையே எடுப்பவருக்கு ஒரு பொருட்டில்லை. பகலில் அதே கடற்கரையில் அடிவானக் கோட்டைப் படத்தின் மேல்விளிம்பை ஒட்டி வைத்து எடுத்தால், நேர்கோடு நேராக நிற்கிறதா, நடுவில் மேல்நோக்கிப் புடைக்கிறதா, உள்வாங்குகிறதா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். கோட்டைப் படத்தின் நடுவில் வைத்தால் எந்த லென்ஸும் அரிச்சந்திரன்தான். புதிய காமிராக்கள் இந்த வளைவை உள்ளேயே திருத்திவிட்டுத்தான் படத்தை நமக்குக் காட்டுகின்றன. ஓரங்களை இழுத்து நீட்டித் திருத்துவதால் அங்கே கூர்மை சற்றுச் செலவாகிறது என்பதொழிய அதில் மோசடி ஒன்றுமில்லை.

இங்கே லென்ஸின்மேல் அபாண்டமாகச் சுமத்தப்படும் பழி இரண்டையும் விலக்கிவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னே சாய்ந்து மேலே குறுகித் தோன்றுவது, காமிராவை நாம் சாய்த்ததன் பலன். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அப்படித்தான் காட்டும். முகத்துக்கு ஓரடியில் நெருங்கி எடுத்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துப் போவதும் நெருக்கத்தின் குணமேயன்றி அகலக்கோண லென்ஸின் குணமன்று. பின்னால் நகர்ந்து நின்றால் இரண்டும் தீரும்.

துவாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலான லென்ஸ்கள் எஃப் 5.6, எஃப் 8 என்ற அளவுகளில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. அங்கே ஆயிரம் ரூபாய் லென்ஸுக்கும் லட்ச ரூபாய் லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சுவரில் தொங்கும் படத்தில் கண்டுபிடிப்பது கடினம். எஃப் 16-க்குச் சுருக்கினாலோ, ஒளியின் இயல்பினாலேயே ஒரு புள்ளி சுமார் 0.02 மி.மீ. அகலமுள்ள வட்டமாகப் பரவிவிடுகிறது, 35 மி.மீ. சட்ட அளவுள்ள 24 மெகாபிக்ஸல் காமிராவில் ஒரு பிக்ஸலின் அகலம் 0.006 மி.மீ. தான். ஆகவே அந்த எல்லையில் எல்லா லென்ஸும் சமமாகவே மங்குகின்றன. விலைக்கேற்ற பேதம் திறந்த துவாரத்தில்தான் இருக்கிறது. திறந்த துவாரத்தில் நீங்கள் எடுப்பதே இல்லையென்றால், அதற்குப் பணம் கொடுப்பது சமையலறையில்லாத வீட்டுக்கு வெண்கலப்பானை வாங்குவது போன்றது. போன வருஷத்துப் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு எந்தெந்தத் துவாரத்தில் எத்தனை எடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பவர் பலருக்குத் திடுக்கிட நேரும்.

நானும் திடுக்கிட்டவன்தான். கும்பகோணத்தில் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக, பரீட்சை எண்களிலெல்லாம் முதலிடம் பெற்றிருந்த 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். மணவறையைச் சுற்றிலும் சுற்றம் நெருக்கிக்கொண்டு நிற்க, எனக்குக் கிடைத்த இடம் மணமக்களிடமிருந்து மூன்றடி. அந்த லென்ஸோ 85 சென்டிமீட்டருக்குக் கிட்டே எதையும் பார்க்க மாட்டேன் என்கிறது. பார்க்கச் சம்மதித்தபோதோ மாப்பிள்ளையின் நெற்றி மட்டும் சட்டத்தை நிறைக்கிறது. பின்னால் நகரலாமென்றால் நாதஸ்வரக்காரர். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் எழுந்த அந்த ஒரு நிமிஷத்தில், ஹோமப்புகைக்கும் அட்சதை மழைக்கும் நடுவே லென்ஸ் முன்னும் பின்னுமாகப் போகஸைத் தேடி அலைந்ததில் தாலியும் விழவில்லை, முடிச்சும் விழவில்லை. பிறகு ஒன்றரை மீட்டர் தூரத்தில், முழுத் துவாரத்தில் எடுத்த மணப்பெண்ணின் முகம் ஒன்று அற்புதமாக வந்தது. ஆனால் அந்த நிலையில் கூர்மையாக நிற்கும் ஆழம் சுமார் ஓர் அங்குலந்தான் என்பதால், கண்ணிமை தெளிந்து மூக்குத்தி மங்கிவிட்டது. மூக்குத்தி அவளுடைய பாட்டியுடையது. அதைத்தான் எல்லோரும் பார்க்க விரும்பினார்கள்.

அதே கல்யாணத்தில் என் தம்பி மகன் வைத்திருந்தது 50 மி.மீ. எஃப் 1.8, இருநூறு கிராம்கூட இராத, பிளாஸ்டிக் உடம்புள்ள, எண் பட்டியலில் நடுத்தரமான லென்ஸ். எஃப் 1.4-க்கும் அதற்கும் ஒளியில் உள்ள வித்தியாசம் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான். அவன் அதை ஒரு கையில் தூக்கித் தலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு எடுத்த படம்தான் இன்று அந்த வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எடையும், குறைந்தபட்ச தூரமும், வளையம் விரலுக்கு எட்டும் இடமும், போகஸ் பிடிக்கும் வேகமும் எந்த வளைகோட்டிலும் ஏறாத விஷயங்கள். ஆனால் படம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் அவற்றைப் பொறுத்தே இருக்கின்றன. கடன் வாங்கிய லென்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் சொந்தக்காரர், “எப்படி அண்ணா, அருமையாக இருந்ததா?” என்று கேட்டார். “லென்ஸ் அருமை, கல்யாணத்துக்குத்தான் அது வரவில்லை” என்றேன்.

போகஸுக்கு வெளியே உள்ள பகுதி குழைந்து மறையும் அழகை ஜப்பானியர் ‘பொக்கே’ என்று பெயரிட்டு வழங்குகின்றனர். இதைப் பற்றி ரசிகர்கள் பேசும் பேச்சில் பாதி சங்கீத சபையின் வெளித்திண்ணைப் பேச்சுதான். எனினும், பின்னணியில் வேலியோ இலைக்கூட்டமோ இருக்கும்போது சில லென்ஸ்கள் ஒவ்வொரு கோட்டையும் இரட்டைக் கோடாக்கிக் கண்ணை உறுத்துவது உண்மை. வேப்பமரத்தடியில் யாரையாவது நிறுத்தி நாலைந்து படம் எடுத்தால் தெரிந்துவிடும். அதற்குமேல் அதில் ஆராய்ச்சி வேண்டாம்.

பிரயோகத்தின் தீர்ப்பு ஒரு தேசத்துத் தொழிலின் தலையெழுத்தையே மாற்றிய சம்பவமும் உண்டு. 1950-ஆம் ஆண்டில், ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரரான டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜூன் மிக்கி என்ற ஜப்பானிய இளைஞர் அவரை 8.5 செ.மீ. எஃப் 2 நிக்கார் லென்ஸால் ஒரு படம் எடுத்தார். ஜப்பான் சாமானென்றால் மலிவுச் சரக்கு என்று மேனாட்டார் நினைத்திருந்த காலம் அது. அச்சான படத்தின் தெளிவைக் கண்டு திகைத்த டங்கன், தொழிற்சாலைக்கே சென்று லென்ஸ்களைப் பார்த்து, தம் காமிராவுக்கு வாங்கிக்கொண்டார். அவ்வாண்டு ஜூன் 25-ந் தேதி கொரியா யுத்தம் மூண்டது. போர்முனையின் புழுதியிலும் பிறகு வந்த கொடும் குளிரிலும் அந்த லென்ஸ்கள் எடுத்த படங்களின் தெளிவு அமெரிக்கப் பத்திரிகை உலகத்தில் பேச்சாகி, டிசம்பர் 10-ந் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ ஜப்பானியக் காமிராவைப் பற்றி எழுதியது. வெறும் அட்டைக் கோடுகளின் பட்டியல் எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும், அந்தப் பேச்சை அத்தனை சீக்கிரத்தில் எழுப்பியிருக்குமா என்பது சந்தேகம்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு மாதம் காத்திராமல் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டிய சுவர்ச்சோதனை ஒன்று உண்டு; கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் தவணை மாதம் ஆவதற்குள் முடிந்துவிடும் என்பதே காரணம். நாற்பது ஐம்பது அடி தூரத்திலுள்ள ஒரு செங்கற்சுவரை நேர் எதிரே நின்று, முக்காலியின்மேல் காமிராவை வைத்து, திறந்த துவாரத்தில் எடுங்கள். நான்கு மூலைகளும் நடுவைவிடச் சற்று மங்குவது சகஜம். ஆனால் மூன்று தெளிந்து ஒன்று மட்டும் மங்கினால், உள்ளே ஒரு வில்லை மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் நிறுத்திய நிலை ஒருபுறம் சாய்ந்திருக்கலாம் என்பதால் காமிராவைத் தலைகீழாகப் பொருத்தி மறுபடியும் ஒன்று எடுத்துப் பாருங்கள்: கோளாறு லென்ஸினுடையதானால் படத்தில் அதே மூலையிலேயே இருக்கும், நிலையினுடையதானால் எதிர்மூலைக்குப் போய்விடும். சுவரை ஐந்தாறு அடிக்குள் நெருங்கி இச்சோதனையைச் செய்து, மூலை மங்கல் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சில லென்ஸ்களின் கூர்மைத்தளம் கிட்டத்தில் கிண்ணம்போல் வளைவதுண்டு. தூரத்தில் அவை செம்மையாகவே நடந்துகொள்ளும்.

பழைய லென்ஸ் வாங்குபவர் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். துவாரத்தை முழுதும் திறந்துவிட்டு, பின்புறத்திலிருந்து சிறு டார்ச் விளக்கை அடித்து முன்புறமாக உள்ளே நோக்கினால், சிலந்திவலை போலவோ, மரத்தின் கிளைகள் போலவோ மெல்லிய இழைகள் படர்ந்திருப்பது தெரியக்கூடும். அதுவே பூஞ்சணம், கடைத்தெருவில் ‘ஃபங்கஸ்’ என்பார்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலே காற்றின் ஈரம் ஏறியே இருப்பதால் இது வெகு சுலபமாகக் குடியேறுகிறது. தன்னிடத்திலிருந்து கசியும் அமிலத்தால் படலத்தை அரித்துவிட்டதென்றால் துடைத்தும் பயனில்லை. தோல் உறைக்குள் திணித்து, பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளோடு பத்திரப்படுத்திய லென்ஸ்களில்தான் இதை நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன். ஈரத்தை நூற்றுக்கு நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நிறுத்தும் உலர்பெட்டி வாங்க வசதியில்லாதவர், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் வறுத்து மறுபடியும் போடலாம். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் தொடர்ந்து வெளியே போக முடியாமற் போனால், மழை விட்ட முதல் வெயிலில் டப்பாவைத் திறந்து, லென்ஸைக் காமிராவில் மாட்டிக்கொண்டு, ஈரம் சொட்டும் தெருவுக்குக் கிளம்பிவிடுங்கள்.